தொலைபேசித் திருடரும் போலீஸ் இலாகாவின் உதவியும்

(தோட்டக் கிளையொன்றின் தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)

தலைவர் அவர்களே, கிளைச் செயலாளர் அவர்களே, விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மரம் வெட்டிப் பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, முதுகு சாய்க்க வேண்டிய நேரத்தில் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, கிராணிமார்களே!

சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் உண்டு. அதற்கு வேறொரு நாள் வைத்திருக்கிறோம். இன்று பேசப்போவது, வாங்கிய சம்பளம் கையை விட்டுப் போகும் ஒரு புதிய வழியைப் பற்றி. போனால் எங்கே முறையிடுவது, போகுமுன்னே எங்கே விசாரிப்பது என்பதைப் பற்றி. இது பட்டணத்துக்காரர் விவகாரம், நமக்கென்ன என்று யாரும் எழுந்து போக வேண்டாம். நம்மிடம் பணம் இல்லை என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருடன் அப்படி நினைக்கவில்லை.

ஊழியர் சேமநிதி 1951-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. மாதாமாதம் நம் சம்பளத்தில் நூற்றுக்குப் 11 பிடிக்கிறார்கள். நம்மைப் போன்ற வருமானக்காரருக்கு முதலாளி 13 சேர்த்துக் கட்டுகிறார். முப்பது, நாற்பது வருஷம் மரத்தடியில் நின்றவருக்கு 55 வயதில் அந்தத் தொகையை எடுக்கும் உரிமை வருகிறது. அவர் ஆயுளில் ஒரே இடத்தில் ஒன்றாகக் கண்ட பெரும் பணம் அதுவாகத்தான் இருக்கும். லயத்தைக் காலி செய்யும்போது ஒரு வீட்டுக்கு முன்பணம், மகள் கல்யாணம், மிச்சத்துக்கு மருந்து என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார். அந்தப் பணம் பாங்குக் கணக்கில் வந்து விழுகிறது. அது ஒரு பிற்பகலில், ஒரு டெலிபோன் பேச்சில், காணாமல் போய்விடுகிறது. திரும்பச் சம்பாதிக்க அவருக்கு வயதில்லை. நாம் இதைப் பேச வந்த காரணம் அதுதான்.

அந்த டெலிபோன் பேச்சு எப்படி நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். மலாய்க்காரரும் பத்திரிகைகளும் இதை மக்காவ் மோசடி என்கிறார்கள். மணி அடிக்கிறது. எடுத்தால் மரியாதையான குரல். தபால் பார்சல் கம்பெனி என்றோ, பாங்கு என்றோ, வருமான வரி இலாகா என்றோ சொல்லும். உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, அதில் போதைப்பொருள் இருக்கிறது என்பார்கள். அல்லது உங்கள் பெயரில் கட்டாத கடன் இருக்கிறது என்பார்கள். எனக்கு ஒன்றும் தெரியாதே என்று நாம் பதறுவோம். "அப்படியானால் போலீசில் சொல்லிவிடுங்கள், நாங்களே இணைத்துத் தருகிறோம்" என்று லைனை மாற்றுவார்கள். அடுத்த குரல் சார்ஜன் அல்லது இன்ஸ்பெக்டர் என்று சொல்லிக்கொள்ளும். பின்னால் வயர்லெஸ் இரைச்சல்கூடக் கேட்கும். சில சமயம் வீடியோவில் சட்டைப் பட்டையோடு ஓர் ஆள் தெரிவான். கைப்பேசித் திரையில் உண்மையான போலீஸ் நிலையத்தின் எண்ணே தோன்றுவதும் உண்டு; எண்ணை மாற்றிக் காட்டும் தந்திரம் அவர்களிடம் இருக்கிறது.

பிறகு வருவதுதான் முக்கியம். "வாரண்டு தயார். இது ரகசிய விசாரணை. மனைவியிடம் சொல்லக்கூடாது, பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது, பாங்கில் கேட்டால் வீடு வாங்கப் பணம் என்று சொல்லுங்கள். உங்கள் பணம் சுத்தமான பணமா என்று சோதிக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், விசாரணை முடிந்ததும் திரும்பும்." மனுஷன் பயத்தில் சோறு தண்ணீர் இல்லாமல், கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல், பாங்கு வரிசையில் நிற்பான். யாராவது என்ன அண்ணே என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வைப்பதில்தான் அந்தக் கள்வனுடைய முழுத் திறமையும் இருக்கிறது.

நம் ஜனங்கள் ஏன் இதற்குச் சீக்கிரம் மடங்குகிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். துரைக்கும் கங்காணிக்கும் பயந்து, ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து நின்ற பரம்பரை நாம். மாத்தா-மாத்தா வந்தால் லயத்துக் கதவுகள் சாத்தப்படும். அதிகாரத்தின் குரல் கேட்டால் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது நம் பாட்டனார் காலத்துப் பாடம். சங்கம் வைத்து அந்தப் பழக்கத்தைப் பாதி மாற்றினோம்; மீதிப் பாதியைத் தொலைபேசித் திருடன் உபயோகப்படுத்துகிறான்.

ஆகவே, நிஜமான போலீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்வோம். போலீஸ் இலாகாவே பலமுறை அறிவித்திருப்பது இதுதான்: தொலைபேசியில் போலீஸ் யாரையும் கைது செய்வதில்லை. விசாரணைக்காக யாருடைய பணத்தையும் வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்வதில்லை. பாங்கு ரகசிய எண்ணைக் கேட்பதில்லை. உங்களை விசாரிக்க வேண்டுமானால் நிலையத்துக்கு அழைப்பார்கள். நீங்கள் மனைவியோடு போகலாம், கிளைத் தலைவரோடு போகலாம், வக்கீலோடு போகலாம். நீதிமன்றமும் அப்படியே. வீட்டில் சொல்லாதே என்று ஒரு குரல் சொன்ன மாத்திரத்தில், அது போலீஸ் இல்லை என்று முடிவு கட்டிப் போனை வைத்துவிடுங்கள். மரியாதைக் குறைவாகாது.

இனி, இணையத்தின் வழியாகப் போலீஸ் இலாகா நமக்கு வைத்திருக்கும் உதவிகள்.

புக்கிட் அமானில் வணிகக் குற்றப் புலனாய்வு இலாகா என்று ஒரு பிரிவு உண்டு. மோசடி வழக்குகளைப் பார்ப்பது அவர்கள்தான். அவர்கள் 'செமாக் மியூல்' என்று ஓர் இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். செமாக் என்றால் சரிபார் என்பது உங்களுக்குத் தெரியும். யாராவது ஒரு பாங்குக் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணம் போடச் சொன்னால், அந்த எண்ணை அங்கே தட்டிப் பார்க்கலாம். தொலைபேசி எண்ணையும் பார்க்கலாம். கம்பெனிப் பெயரையும் பார்க்கலாம். அதன்பேரில் போலீசில் புகார் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று அது காட்டும். காசு கட்டணம் கிடையாது. நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை. ஒரு சைக்கிள் வாங்கப் பணம் அனுப்புமுன், வேலை வாங்கித் தருகிறேன் என்பவனுக்கு முன்பணம் கட்டுமுன், குறைந்த வட்டிக்குக் கடன் என்று விளம்பரம் போட்டவனுக்குப் 'பத்திரச் செலவு' அனுப்புமுன், இரண்டு நிமிஷம் செலவழித்தால் போதும்.

ஆனால் ஒரு சங்கதியைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் பாதி உண்மை சொன்னவர்கள் ஆவோம். அந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அந்த ஆள் யோக்கியன் என்று அர்த்தம் இல்லை. இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். நேற்றுத் திறந்த கணக்குக்கு இன்று புகார் இருக்காது. பெயர் இருந்தால் உடனே விலகுங்கள். இல்லையென்றால் இன்னும் விசாரியுங்கள். இந்த வித்தியாசத்தைக் கிராணிமார்கள் நம் ஆட்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'போலீஸ் பக்கத்திலேயே பார்த்தேன், ஒன்றும் இல்லை' என்ற தைரியத்தில் பணத்தைத் தொலைப்பதும் நடக்கக்கூடியதே.

அதே இலாகா முகநூலிலும் பக்கம் வைத்துப் புதுப்புது மோசடி முறைகளைப் படம் போட்டு வெளியிடுகிறது. கல்யாணப் பத்திரிகை என்று கைப்பேசிக்கு ஒரு கோப்பு வரும். யாருடைய கல்யாணமோ என்று திறந்தால், அது உள்ளே புகுந்து பாங்கு அனுப்பும் ரகசிய எண்களை எடுத்துக் கள்வனுக்குக் கொடுத்துவிடும். நம் ஆட்கள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போகாமல் இருப்பார்களா? அந்த மாதிரி விஷயங்கள் அங்கே எச்சரிக்கையாக வருகின்றன. வீட்டில் படித்த பிள்ளைகள் அதைப் பார்த்து வாரம் ஒருமுறை பெரியவர்களுக்குச் சொன்னாலே பெரிய உபகாரம்.

பணம் போய்விட்டது, அப்போது என்ன செய்வது? 997. இந்த எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தேசிய மோசடி முறியடிப்பு மையம் என்ற ஒன்றைச் சர்க்கார் ஏற்படுத்தியது. போலீஸ், பேங்க் நெகாரா, தகவல் தொடர்பு ஆணையம், பாங்குகள், தொலைபேசிக் கம்பெனிகள் எல்லாம் அதில் கூட்டாக வேலை செய்கின்றன. முன்பெல்லாம் ஏமாந்தவர் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதி, அதை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போய், அங்கே அதிகாரி இல்லை, நாளை வா என்றால் திரும்பி வந்து, இப்படி அலைந்து முடிவதற்குள் பணம் ஊரைத் தாண்டிவிடும். இப்போது 997-இல் சொன்னால், பணம் எந்தக் கணக்குக்குப் போயிற்று, அங்கிருந்து எங்கே போயிற்று என்று பாங்குகள் வழியாகத் தேடி, மிஞ்சியிருப்பதை நிறுத்தி வைக்க முயற்சி செய்வார்கள்.

முயற்சி என்றுதான் சொல்கிறோம். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லவில்லை. திருடன் ஒரே கணக்கில் பணத்தை வைத்திருப்பதில்லை. முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்று நான்காகப் பிரித்து, பிறகு ரொக்கமாக எடுத்துவிடுவான். எல்லாம் நிமிஷக் கணக்கில் நடக்கும். மரத்தில் வெட்டிய பால் கொஞ்ச நேரம் ஒழுகித் தானாக நின்றுவிடும். இந்தப் பணம் நாம் தடுக்கிறவரை ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே ஏமாந்தோம் என்று தெரிந்த அந்த நிமிஷமே கூப்பிட வேண்டும். நாளைக் காலை மகன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எந்த பாங்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்தக் கணக்குக்கு என்ற விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவரவர் பாங்கிலும் மோசடி முறையீட்டுக்கென்று 24 மணி நேரமும் எடுக்கும் தொலைபேசி எண் உண்டு, அதையும் கூப்பிடலாம். கணக்கை நாமே உடனடியாக முடக்கிவிடும் வசதியையும் பாங்குகள் இணையச் சேவையில் வைத்திருக்கின்றன. பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள். எந்த ஊர் நிலையத்திலும் எழுதலாம். இது எங்கள் வட்டாரம் அல்ல என்று திருப்பி அனுப்பினால் கிளைக்குச் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.

இதிலும் ஒரு குறுக்கு வழிக்காரன் இருக்கிறான், கேளுங்கள். பணம் தொலைத்தவரைத் தேடி இரண்டாவது முறை ஏமாற்ற வருகிறவன். "நாங்கள் போலீசின் இணையப் பிரிவு, உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் இவ்வளவு கட்டுங்கள்" என்று போலீஸ் சின்னம் போட்ட பக்கத்தோடு வருவான். 997 என்பது நாம் கூப்பிடும் எண். அங்கிருந்து பேசுகிறோம் என்று முன்பின் தெரியாமல் ஒருவன் நம்மைக் கூப்பிட்டால் நம்ப வேண்டாம். போலீஸ் புகார் எழுதக் கட்டணம் கேட்பதில்லை. இணையத்தள விலாசம் ஜி.ஓ.வி. புள்ளி எம்.வை. என்று முடிகிறதா என்றும் பாருங்கள். அப்படி முடியாத போலீஸ் பக்கத்தை நம்பி ஒன்றும் எழுத வேண்டாம்.

இப்போது நம் இளைஞர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். திருடனுக்குப் பணம் போட ஒரு கணக்கு வேண்டும். தன் பெயரில் வைத்துக்கொள்ள அவன் முட்டாள் அல்ல. ஆகவே கஷ்டப்பட்ட ஒரு வாலிபனைப் பிடித்து, 'உன் பாங்கு அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடு, மாதம் இத்தனை வெள்ளி தருகிறேன்' என்பான். இந்தக் கணக்கை மலாயில் 'அக்காவுன் கெல்டாய்', அதாவது கழுதைக் கணக்கு என்கிறார்கள். மூட்டையைச் சுமப்பது கழுதை, லாபம் வேறொருவனுக்கு. செமாக் மியூலில் முதலில் ஏறுவது இந்தக் கழுதையின் கணக்குதான். போலீஸ் முதலில் வந்து தட்டும் கதவும் அவன் வீட்டுக் கதவுதான். 2024-இல் தண்டனைச் சட்டத் தொகுப்பைத் திருத்தி, 424ஏ முதலாகப் புதிய பிரிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள். தகுந்த காரணமின்றிப் பிறர் கணக்கையோ அட்டையையோ வைத்திருப்பதும், தன்னுடையதைச் சட்டவிரோதக் காரியத்துக்குக் கொடுப்பதும் இப்போது தனிக் குற்றங்கள். சிறையும் அபராதமும் உண்டு. நான் ஒன்றும் திருடவில்லையே, அட்டையைத்தானே கொடுத்தேன் என்ற வாதம் எடுபடாது.

இதைச் சொல்லும்போது நமக்குள் இருக்கும் ஒரு பழைய வழக்கத்தையும் தொட வேண்டியிருக்கிறது. கடனுக்கு ஈடாகப் பாங்கு அட்டையை வட்டிக்காரரிடமோ கடைக்காரரிடமோ கொடுத்து வைக்கிறோம். சம்பளம் விழுந்ததும் அவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறார். முன்பு கடைக் கணக்குப் புத்தகம் இருந்தது. இப்போது அட்டையே போய்விட்டது. அந்த அட்டை அங்கிருந்து யார் கைக்குப் போகிறது, நம் பெயரில் அதில் எவன் பணம் வந்து போகிறது என்று நமக்குத் தெரியுமா? தெரியாது. நாளை அந்த எண் போலீஸ் பட்டியலில் ஏறினால் பதில் சொல்ல வேண்டியவர் அட்டையில் பெயர் உள்ளவரே. கொடுத்து வைத்திருப்பவர்கள் உடனே பாங்குக்குப் போய்ப் பழைய அட்டையை ரத்து செய்து புதியது வாங்கிக்கொள்ளுங்கள். கடன் கடனாக இருக்கட்டும். அதைப் பேசித் தீர்க்கலாம், அதற்கும் சங்கம் கூட இருக்கும். கிராணிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உதவி செய்யும் நல்லெண்ணத்தில் நாலு பேருடைய ரகசிய எண்ணை உங்கள் நோட்டில் எழுதி வைக்காதீர்கள். நாளை ஒன்று நடந்தால் பழி உங்கள் மேல் விழும்.

ஏமாறுவது நமக்குப் புதிதல்ல. கூட்டுக் கட்டி, எடுத்தவன் ஓடிப்போன கதை ஒவ்வொரு லயத்திலும் உண்டு. 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டமே வந்தது. 1960-இல் சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டம் வாங்கியவர்களும் நம் பெற்றோரே. சேர்க்கத் தெரியாத ஜனங்கள் அல்ல நாம். ஆனால் கூட்டில் ஏமாற்றியவனுக்கு முகம் இருந்தது. அவன் அண்ணன் வீட்டு வாசலிலாவது போய் நிற்க முடிந்தது. இவனுக்கு முகம் இல்லை, நாடும் தெரியாது. ஆகவேதான் போலீஸ் இலாகாவின் இந்த உதவிகள் நமக்கு முன்னெப்போதையும்விட அதிகம் தேவைப்படுகின்றன.

ஜொகூர்ப் பக்கத்திலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காகவும் சில வார்த்தைகள். அங்கே 1799 என்று மோசடித் தடுப்பு உதவி எண் இருக்கிறது. 2024-இல் தொடங்கினார்கள், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். இது மோசடியா என்று சந்தேகம் கேட்கவே அந்த எண்ணைக் கூப்பிடலாம். 'ஸ்கேம்ஷீல்டு' என்ற கைப்பேசிச் செயலியும் உண்டு. வந்த செய்தியையோ எண்ணையோ அதில் காட்டினால் நல்லதா கெட்டதா என்று சொல்லும். பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்திக்கு 'மோசடியாக இருக்கலாம்' என்ற முத்திரை குத்தி அனுப்பும் ஏற்பாட்டை 2023 ஜனவரியில் கொண்டுவந்தார்கள். இத்தனை ஏற்பாடும் உள்ள அந்தச் சின்ன ஊரிலேயே 2024-ஆம் வருஷத்தில் 110 கோடி வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது. பெரும்பாலான வழக்குகளில் பணத்தைத் தம் கையாலேயே அனுப்பியவர் ஏமாந்தவர்தான். பின்பு 2025 ஜூலையில், ஏமாந்துகொண்டிருப்பவர் யார் சொல்லியும் கேட்காவிட்டால் அவருடைய கணக்கைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கப் பாங்குகளுக்கு உத்தரவிடும் அதிகாரத்தைப் போலீசுக்குச் சட்டமே கொடுத்தது. அவனவன் பணத்தை அவனவன் எடுக்கப் போலீஸ் தடுப்பதா என்று அங்கே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பயத்தில் இருக்கும் மனிதனைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அந்தக் கேள்வியை அவ்வளவு சத்தமாகக் கேட்கமாட்டார்கள்.

நம் நாட்டு ஏற்பாட்டில் நாம் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. எச்சரிக்கைகள் பெரும்பாலும் மலாயில் வருகின்றன, சில ஆங்கிலத்தில். நம் பிள்ளைகளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனால் சேமநிதிப் பணம் யாரிடம் இருக்கிறது? தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று மரம் வெட்டப் போன அம்மாவிடம் இருக்கிறது. கோழிக் குஞ்சுகள் வீட்டுக்குள் இருக்க, கதவு இல்லாத கொல்லைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடக் கூடாது. முக்கியமான எச்சரிக்கைகளைத் தமிழிலும் சீன மொழியிலும் எழுத்தாகவும், எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பேச்சாகவும் வெளியிட வேண்டும், வட்டாரப் போலீஸ் அதிகாரிகள் தோட்டங்களுக்கு வந்து நேரில் சொல்ல வேண்டும் என்று கிளைகள் மனு எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். பிச்சை கேட்பதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. வரி கட்டுகிறவர் தமக்குப் புரியும் மொழியில் எச்சரிக்கை கேட்கிறார், அவ்வளவுதான்.

கடைசியாக, வெட்கத்தைப் பற்றி. பணம் போனவர்கள் வாயைத் திறப்பதில்லை. மருமகன் சிரிப்பான், பக்கத்து வீட்டுக்காரி நாலு பேரிடம் சொல்வாள் என்று மென்று விழுங்கிவிடுகிறார்கள். புகார் எழுதாவிட்டால் அந்தக் கணக்கு எண் பட்டியலில் ஏறாது. அடுத்த தோட்டத்துக்காரர் தட்டிப் பார்க்கும்போது ஒன்றும் இல்லை என்றே காட்டும். நம் வெட்கத்தின் செலவை அவர் கட்டுகிறார். ஏமாந்தவர்களில் பட்டதாரிகளும் இருக்கிறார்கள், உபாத்தியாயர்களும் இருக்கிறார்கள். கேலி பேசுகிறவர்களைக் கூட்டத்திலேயே கண்டிக்கும்படி கிளைத் தலைவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

வாசகசாலை மேசையில் கைப்பேசி இரண்டும், எண்கள் எழுதிய அட்டைகளும் வைத்திருக்கிறோம். அட்டையை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். அங்கேதான் தினமும் கண் போகும். சந்தேகமான எண்ணோ கணக்கோ உள்ளவர்கள் வரலாம். இளைஞர் பகுதித் தோழர்கள் இருவர் உட்கார்ந்து சரிபார்த்துத் தருவார்கள். பாங்கு ரகசிய எண்ணை மட்டும் அவர்களிடமும் சொல்லாதீர்கள், எங்களிடமும் சொல்லாதீர்கள். பின்வரிசையில் கை தூக்கிய அம்மா முதலில் கேட்கட்டும்.